சூயஸில் பதினோரு மணி நேரம்

சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் போகிறவர்கள் விளிம்பு அகலமான தொப்பி ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. மேல்தளத்தில் நிழல் குறைவு. வெயில் தலையில் அடிப்பது போதாதென்று இரண்டு கரை மணலிலும் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். என் மகன் ரெனீஷ் எனக்கு ஒரு தொப்பி வாங்கித் தந்தான். காற்றில் நிற்காத ரகம். அவன் வாங்கித் தருகிற பொருள் எல்லாவற்றுக்கும் உதவும், எதற்கு வாங்கினானோ அதற்கு மட்டும் உதவாது.

காபியைக் குடியுங்கள், பானுப்பிரியா. உங்கள் கப்பல் கம்பெனி தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி, துபாயில் இந்த அல் குஸைஸ் வரைக்கும் அனுப்பியிருப்பது மரியாதைதான். என் கையெழுத்துக்காக வந்திருக்கிறீர்கள். போடுகிறேன், ஆனால் இந்த அறிக்கையில் போட மாட்டேன். நேற்று இதை இரண்டு தடவை படித்தேன். 'பயணி செல்வசிங் பக்கவாதம் தாக்கி நீண்ட நேரம் யாரும் பார்க்காமல் கிடந்ததற்கு அறைப் பணியாளர் உஸைரின் கவனக்குறைவே காரணம்' என்று முடித்திருக்கிறீர்கள். அது தப்பு. அந்தப் பதினோரு மணி நேரத்தில் கவனக்குறைவு என்று சொல்ல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

நான் சவுதியில், ஜுபைலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் பக்கவாத வார்டுக்கு ஹெட் நர்ஸ். ஆளை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்குவதற்குள் வாயையும் கையையும் பார்த்து, என்ன நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். டாக்டர்கள் அதையே அரை மணி கழித்துப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். என் வீட்டுக்காரர் செல்வசிங் அதே ஊரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், பாலைவனத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று அரபிகளுக்குச் சொன்னதே அவர்தான் என்று நினைப்பீர்கள்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். குடித்ததில்லை. என்மேல் கை வைத்ததில்லை. பேசுவார், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருஷம் பேசினார். நான் டூட்டி முடிந்து வந்து, வார்டில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்தில் அது அவருடைய கதையாகிவிடும். ஒரு எகிப்து மாலுமி என் வார்டில் ஆறு வாரம் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. நாக்கைப் பழக்குவதற்காக, தெரிந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்வேன். அவர் சூயஸ் கால்வாய்க் கரையில் இருக்கிற ஊர்களை வரிசையாகச் சொல்லப் பார்ப்பார். தினம் ஒரு ஊர் கூடும். கப்பல் அங்கே நடக்கிற வேகத்தில்தான் போகும், கரையில் கழுதை நம்மை முந்திக்கொண்டு போகும் என்று கையால் காட்டுவார். அந்த வழியாக ஒரு தடவை போக வேண்டும், ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று அப்போது தோன்றியது. எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இரண்டே வாரத்தில் அந்த மாலுமி, செல்வசிங்கின் பேச்சில், அவருடைய சிநேகிதராகிவிட்டார். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கழுதைக் கதையை என் வீட்டுக்காரர் சொல்ல, நான் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் ரிட்டயரானதும் ரெனீஷ் டிக்கெட் போட்டான். அவன் துபாயில் ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பிப் பழகியவன், எங்களையும் அனுப்பிவிட்டான். 2023 ஏப்ரல். துபாயில் ஏறி, சலாலா, அக்கபா, சூயஸ், பிறகு கிரீஸ். பதினைந்து நாள். கப்பலில் இரண்டாயிரம் பேர். மூன்று வேளையும் சாப்பிட்டு, நடுவில் சாப்பாட்டைப் படம் எடுப்பவர்கள்.

சாப்பாட்டு மேஜையில் எங்களோடு ஒரு கோட்டயம் தம்பதியும் இரண்டு ஆஸ்திரேலியர்களும் இருந்தார்கள். முதல் நாளே செல்வசிங் கால்வாய்ப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். சூயஸில் பெரிய பெரிய இரும்புக் கேட் இருக்கிறதாம். கேட்டை மூடித் தண்ணீரை நிரப்பிக் கப்பலைப் படிப்படியாக மேலே தூக்குவார்களாம். அது பனாமாவில். சூயஸில் கேட்டே கிடையாது. இரண்டு பக்கக் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம், கப்பல் நேராகப் போகும். அதை நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஏட்டி, ஒனக்கு ஊசி குத்தத்தானே தெரியும்? கப்பலப் பத்தி ஒனக்கு என்ன மண்ணு தெரியும்?" என்றார். சொல்லிவிட்டு அதை இங்கிலீஷிலும் மேஜைக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்திரேலியக்காரி என் கையைத் தட்டிக் கொடுத்தாள். எல்லா ஊர்ப் பெண்களும் இப்படித் தட்டிக் கொடுப்பார்கள். அதனால் ஒன்றும் ஆவதில்லை.

கால்வாய்க்குள் நுழைகிற அன்று காலை ஏழு மணிக்கு அந்த நாலு பேரையும் மேல்தளத்துக்கு வரச் சொல்லியிருந்தார், கேட்டைக் காட்ட. தன்னை ஆறு மணிக்கு எழுப்பச் சொன்னார். நான் ஐந்து மணிக்கே மேலே போய்விட்டேன். விடிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சரக்குக் கப்பல்கள் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. யாரும் பேசவில்லை. ஒரு மணி நேரம் அப்படி இருந்தது. ஆறு மணிக்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கீழே போனேன்.

அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் மாட்டுகிற வலது கை நழுவி நழுவி விழுந்தது. "கேட்டு, கேட்டு" என்றார், அந்தக் கால்வாய்க் கேட்டைத்தான். மூன்றாவது தடவை அது குழைந்து போயிற்று. கட்டிலில் உட்கார வைத்தேன். சிரிக்கச் சொன்னேன், பாதி வாய் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், இடது மட்டும் வந்தது. பெயரைக் கேட்டேன், சத்தம்தான் வந்தது. வாட்சைப் பார்த்தேன். ஆறு பத்து. பழக்கம்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தார் அல்லவா? எனக்கு இது தெரியும். இந்த மாதிரி வருகிறவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டால், எத்தனையோ பேர் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். போன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னலில் கரை தெரிந்தது, தென்னை உயரத்துக்கு ஒரு விளக்குக் கம்பம், அதன் அடியில் ஒரு சிப்பாய் நின்று கொட்டாவி விட்டான். பதினைந்து நாள் பயணத்தில் அன்று ஒரு நாள்தான் இரண்டு பக்கமும் ஊர், ரோடு, ஆஸ்பத்திரி. கூப்பிட்டால் ஒரு படகு வந்து இறக்கிக்கொண்டு போயிருக்கும். நானும் கூடவே இறங்கியிருப்பேன்.

அதைத்தான் யோசித்தேன். அவர் பிழைத்து எழுந்து உட்காருவார். சூயஸில் தனக்கு நடந்ததைச் சாகும்வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கதையில் இரும்புக் கேட்டும் இருக்கும். நான் கால்வாயைப் பார்த்திருக்க மாட்டேன்.

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், எச்சில் உள்ளே போகாதபடி. முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், மெஷின் எப்போதும் என் பெட்டியில் இருக்கும். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு மேலே போனேன்.

ஏழு மணிக்கு அந்த நாலு பேரும் வந்தார்கள். செல்வசிங்குக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, தூங்குகிறார் என்றேன். கேட் எங்கே என்று கோட்டயத்துக்காரர் கேட்டார். கிடையாது என்றேன். நம்பிக்கை இல்லாமல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு எல்லோரும் இட்லி தேடிப் போனார்கள்.

எட்டரைக்கு உஸைர் என்னைத் தேடி வந்தார். எங்கள் தளத்து அறைகளைப் பார்த்துக்கொள்பவர். காயல்பட்டினம். நாற்பது வயதிருக்கும்.

"சார் காலச் சாப்பாட்டுக்கே வரலியேம்மா. டீ கொண்டு போய்க் கொடுக்கட்டா?"

"வேண்டாம். தூங்குறாங்க. எழுப்பினா கோவப்படுவாங்க."

"சத்தம் போடாம எட்டி மட்டும் பாத்துக்கிடுறேன்."

"உஸைர், நான் நர்ஸ். நீங்க கதவத் தொறக்காதீங்க, போதும்."

"சரிம்மா. நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவல," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குக் கீழே போய்ச் செல்வசிங்கை மறுபக்கம் புரட்டினேன். நனைந்த துணியை மாற்றினேன். தண்ணீர் கொடுக்கக் கூடாது, புரையேறும். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். முழு நினைவோடு இருந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். மேலே ஏரி வரப் போகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சொல்லாமல் போகவில்லை.

பத்து நாற்பதுக்கு வாட்சைப் பார்த்தேன். நாலரை மணி நேரம். இஸ்மாயிலியா ஊர் தெரிய ஆரம்பித்திருந்தது. மரங்கள், மசூதிக் கோபுரம், ஈரத் துணி காய்கிற மாடிகள். ஒரு பெண் பால்கனியில் நின்று கம்பளத்தை உதறினாள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் பார்த்தவற்றில் அழகான ஊர் அது. ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவசரம் இல்லை.

பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை இறங்கினேன். புரட்டினேன், துடைத்தேன், உதட்டை நனைத்தேன். இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மாலை ஐந்தேகாலுக்குக் கப்பல் போர்ட் சயீதைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் போயிற்று. கால்வாய் முடிந்தது. ஐந்து இருபதுக்கு நான் போன் செய்தேன்.

கப்பல் டாக்டர் நல்ல பையன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டான். காலை ஆறு மணிக்கு என்றேன், அது உண்மை. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லையா என்றான். உஸைரைப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன் என்றேன். அது உண்மை இல்லை. அந்த இடத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது, அந்த மனிதர் கதவருகில் நின்று அழுதுகொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷ நர்ஸ் ஒரு பக்கம், படுக்கை விரிக்கிறவர் ஒரு பக்கம். உங்கள் கம்பெனி யோசிக்கவே இல்லை. ரெனீஷ் புகார் எழுதினான், உஸைரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். இனி எந்தக் கப்பலிலும் அவருக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர் மாதம் ஒரு தடவை ஊரிலிருந்து போன் செய்கிறார். திட்டுவதற்கு இல்லை. "சாருக்கு இப்ப எப்படி இருக்கும்மா? துஆ செய்றேம்மா," என்கிறார். கோபப்படக்கூடத் தெரியாத ஆள். அவர் மேல் இரக்கப்பட்டு இதையெல்லாம் சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். மறுபடி சொல்கிறேன், உங்கள் அறிக்கை தப்பு. கதவுப் பூட்டில் என் சாவிக் கார்டு பதிவான நேரம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள். 9.02, 12.04, 2.31, 5.18. மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் மணிக்கணக்கு வைத்து, தவறாமல் செய்ததை எடுத்து, ஒரு ரூம் பாயின் மறதி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். தேவகனி. இனிஷியல் வேண்டாம்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? சரி, எழுந்து வாருங்கள், அவரைப் பார்க்காமல் போகக் கூடாது. இந்த அறைதான். நான் நுழைந்தால் அப்பாவின் கண் மாறுகிறது, அது பயம் என்று ரெனீஷ் சொல்கிறான். அவனுக்கு நோயாளியைப் பற்றி என்ன தெரியும்? அவர் இப்போதுதான் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே புரட்டிப் போடுகிறேன், ஆள் வைக்கவில்லை. இந்தத் தோளைப் பிடியுங்கள், முதுகைத் திருப்பிக் காட்டுகிறேன். ஒரு படுக்கைப்புண் இருக்கிறதா, நன்றாகப் பாருங்கள். கட்டின புருஷனை வேறு எவள் இப்படிப் பார்த்துக்கொள்வாள்?