ஈட்டிக்கு எந்தக் கம்பி

செயலாளர் அவர்களுக்கு,

பொம்மைப் படையின் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் ஈட்டி வளையும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான். கூடவே வருகிறதே என்று ஆசையாக ஒட்டிவிடுவார்கள். ஒரு மாதம் ஜன்னலோரம் வெயில் பட்டால் போதும், போருக்குக் கிளம்பிய படை தூண்டில் போடக் கிளம்பிய கூட்டம் மாதிரி ஆகிவிடும்.

ஈட்டி தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். "அந்த விபத்துக்கப்புறம் கம்பின்னாலே எல்லாரும் பயப்படறாங்க. உங்க வீட்டு விஷயம்தான், இருந்தாலும் நீங்க எழுதினாத்தான் பக்குவமா இருக்கும்" என்றீர்கள். எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்று தோன்றுகிறது.

தரைதுடைக்கும் பிரஷ்ஷின் நைலான் நாரைச் சிலர் வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும், ஆனால் பெயின்ட் நிற்காது, உரிந்து உரிந்து விழும். மூங்கில் குச்சியைச் சீவிச் செய்தால் பார்க்கப் பழங்காலத்து ஈட்டி போலவே இருக்கும், சட்டை கை பட்டாலே ஒடியும். பித்தளை கொஞ்சம் பரவாயில்லை. நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவன். செட்டைப் பக்கத்துப் பல்லோடு கவ்விப் பிடிக்க ஒரு எஃகுக் கம்பி போடுவோம். முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கிடுக்கி இல்லாமல் வளைக்க முடியாது. அதில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையைத் தட்டித் தகடாக்கி, அரத்தால் இலை வடிவத்துக்கு ராவினால் அதைவிட நல்ல ஈட்டி கிடையாது. நம் வீரர்களின் உயரம் கட்டை விரலில் பாதி. ஈட்டி அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. அந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்ததாம்.

முனையை மழுங்க ராவ வேண்டும். இதை அடிக்கோடு போட்டு அச்சிடுங்கள்.

கம்பி போடச் சொன்னது என் அத்தான்தான். அக்கா வீட்டுக்காரர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், நம் சங்கத்து ஆட்டங்களுக்கு நடுவர். என்னைச் சங்கத்துக்குக் கூட்டிவந்ததே அவர். பதினொரு மாதம் உட்கார்ந்து அறுபத்துநான்கு ஈட்டிக்காரர்களுக்கு நான் பெயின்ட் அடித்தேன். கேடயம் ஒவ்வொன்றிலும் எட்டு முனை நட்சத்திரம், ஒற்றை மயிர் பிரஷ்ஷில். முதல் தடவை மேசையில் வைத்த அன்று நீங்களும் இருந்தீர்கள். எல்லோரும் சுற்றி நின்றீர்கள். அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடிகாரம் பார்க்கும் குழல் கண்ணாடியை வலக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு வீரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"தூரத்துல நின்னு பார்த்தா நல்லாத்தான் இருக்கு, மச்சான்" என்றார். "ஈட்டிதான் எல்லாம் தூங்குது. கம்பி போடு."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவர் கேலிக்காரர், மனதில் ஒன்றும் வைத்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் 'தூரத்து ஆர்ட்டிஸ்ட்' என்று பெயர் விழுந்தது. நம் சங்கத்து மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நாலடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கி, "ஆஹா, பிரமாதம்" என்பார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. ஏழு மாதம் நடந்தது. சின்ன விஷயம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சின்ன விஷயம்தான். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கலாம் என்று.

அத்தான் சொன்னபடி கம்பி போட்டேன். அறுபத்துநான்கு கம்பிகள், வீரர்களின் கையில் துளை போட்டு ஒட்டினேன். முன்வரிசை ஈட்டிகளை எதிரியை நோக்கிப் படுக்கை வசமாக நீட்டி வைக்க வேண்டும். அப்போது கூட்டம் முன்பக்கம் சாயும். அதற்கு அவர்கள் நிற்கும் அடித்தட்டின் கீழே ஈயத் துண்டு ஒட்டிக்கொள்வது நல்லது. இடித்தாலும் நகராது.

நம் சங்கத்தில் கண் வைத்துப் பார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொம்மை வீரனுக்கு எதிரி தெரிகிறானா இல்லையா என்று தகராறு வந்தால், அந்த வீரனை எடுத்துவிட்டு அவன் நின்ற இடத்தில் நடுவர் கன்னத்தை மேசையோடு வைத்து ஒரு கண்ணால் பார்ப்பார். வேறு சங்கங்களில் நூல் பிடிப்பார்களாம். நாம் மட்டும்தான் முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

கம்பி ஈட்டியைப் பார்த்த அன்றே அக்கா பதறினாள். "கண்ணுல கிண்ணுல குத்திடப் போகுதுடா" என்று, பழைய மெத்தை ஸ்பாஞ்சை நீளமாக வெட்டி, சாம்பல் நிறத் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். முன்வரிசை முனைகள் எல்லாவற்றையும் சேர்த்து அதில் செருகிவிடலாம். அத்தான் குனிவதற்கு முன் "உறை போட்டாச்சா?" என்று கேட்பார். நான் போட்டுவிட்டு "ம்" என்பேன். அதுவும் வழக்கமாகிவிட்டது.

அக்கா ஏன் அப்படிப் பதறினாள் என்பது சங்கத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அத்தானுக்கு இடக் கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை, வெளிச்சம் மட்டும் தெரியும். கடிகாரம் கொடுக்க வருகிறவர்கள் யோசிப்பார்களே என்று வெளியே மூச்சு விட்டதில்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பொருள் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று சட்டென்று பிடிபடாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதுகூடச் செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். நேராக நம்மைப் பார்த்து நீட்டிய கம்பி ஒன்று அந்தக் கண்ணுக்கு ஒரு புள்ளிதான்.

விபத்து நடந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் முன்வரிசை முனைகளுக்கு மறுபடி பெயின்ட் அடித்தேன். வெள்ளி நிறம் பளபளவென்று பொம்மைத்தனமாக இருந்தது என்பதால் மேசை விரிப்பின் மண் நிறத்தை அடித்தேன். அதற்கு முன் அரத்தை எடுத்து ராவினேன். இலை வடிவம் எனக்குச் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் ராவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரோடு ஆட்டம். அவருடைய வில்லாளிகள் என் ஈட்டிகளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்கள். என் தளபதி மேட்டுக்குப் பின்னால். தளபதி தெரிகிறார் என்றார் அவர். தெரிந்தார், நின்ற இடத்திலிருந்தே எனக்கு அது தெரியும். தெரியவில்லை என்று அடம்பிடித்தேன். அத்தானைக் கூப்பிட்டார்கள்.

அவர் வில்லாளிகளை எடுத்து ஓரமாக வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார். கழற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே அவருக்கு மங்கல்தான். குனிந்துகொண்டே, "உறை போட்டாச்சா?" என்றார்.

"ம்" என்றேன்.

உறை என் கால்சட்டைப் பையில் இருந்தது.

கன்னத்தை வைத்துப் பார்த்தார். "தலை மாதிரி ஏதோ தெரியுது, சரியாப் பிடிபடலையே" என்றார். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க அத்தான்" என்றேன். ஏழு மாதமாக நான் சொல்ல நினைத்த வார்த்தை அதுதான். ஈயத் துண்டு ஒட்டியிருந்ததால் அடித்தட்டு நகரவில்லை.

இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கடிகாரக் கடையைச் சாத்திவிட்டார்கள். பொம்மைகளைக் கொண்டுபோகும் பையில் உறை இல்லை, அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அக்காவிடம் சொன்னேன். அவள் அதைத் துவைத்துப் போடுகிறவள். துவைத்த உறையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டோம் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள். ஐந்து மாதமாக அலமாரி, பரண், கட்டிலடி எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள். "நான்தான்டா அவர் கண்ணைப் பிடுங்கினேன்" என்று என்னிடமே அழுகிறாள். அத்தானோ, "நீ என்ன பண்ணுவ, கேட்காம குனிஞ்சது நான்" என்கிறார். அவர் கேட்டதை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். வாரம் தவறாமல் போய், அவர்கள் போடும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பேப்பர் படித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு அவரே, "புதுசா ஏதாவது செஞ்சியா, கொண்டா, தொட்டுப் பாக்கறேன்" என்றார். எட்டுப் பேர் கொண்ட ஒரு வரிசையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கம்பி ஈட்டிகள்தான். அவர் கை நீண்டு வந்து, பாதியில் நின்றது. அக்கா அடுப்படியில் இருந்தாள். அவளுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தி,

"உறை போட்டாச்சா, மச்சான்?" என்றார்.

என்னால் "ம்" சொல்ல முடியவில்லை. வேறு உறை என்னிடம் கிடையாது. கால்சட்டைப் பையிலிருந்து அதையே எடுத்து முனைகளில் மாட்டினேன். அவர் கட்டை விரல் துணியைத் தடவியது. ஓரத்தில் அக்காவின் தையலுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, கேடயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, மச்சான்" என்றார்.

உறையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அக்காவிடம் நீங்கள் கொடுத்துவிடுங்கள், அவள் தேடுவதை நிறுத்தட்டும். போலீசுக்கும் சொல்லிவிடுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். ஐந்து மாதம் வாயைத் திறக்காதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்த அந்த நிமிஷம் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நல்லா இருக்கு என்றாரே, தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.