டண்டீ ஒலிநாடா பதிவான விதம்

நல்ல ஒலிப்பதிவுக்கு முதலில் வேண்டியது நல்ல தொப்பி. மைக்குகளை எங்கே ஒளித்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் கம்பளித் தொப்பியின் மடிப்பில், காதுக்கு ஒன்றாக, சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு மைக்குகள். கம்பி கழுத்துக்குப் பின்னால் இறங்கி, கோட்டுப் பைக்குள் இருக்கும் ரெக்கார்டருக்குப் போகும். அதன் பிறகு தலையைத் திருப்பக் கூடாது. பக்கத்தில் யார் என்ன செய்தாலும் கூடாது. வேறு வித்தை ஒன்றும் இல்லை.

கண்ணாடிக் கொக்கு இசைக்குழு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பாடிய ஒலிநாடாவை முறையான இசைத்தட்டாக வெளியிடப்போகிறோம், உறையில் அச்சிட ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்த கடிதம் என்னைத் தலைகால் புரியாமல் செய்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில், காலை பத்து மணிக்கு, சமையலறையில் தனியாக ஆடினேன். முப்பத்தெட்டு வருடமாகப் பிரதிக்கு மேல் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பி, ஜப்பான் வரை போய்ச் சேர்ந்த நாடா அது. எப்படிப் பதிவானது என்று ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கொக்கு ரசிகர்கள் எடுத்த எடுப்பில் கைதட்ட மாட்டோம். கிதாரின் கடைசி எதிரொலி சுவரில் கரைந்து முடிய வேண்டும், அப்புறம்தான். குழுவின் பாடகி இஷ்பெல் பாடுவது எந்த நாட்டு மொழியும் இல்லை. அவள் குரல் மேலே போகப் போக நமக்குக் கால் தரையில் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அந்த நேரத்தில் இருமியவனை நாங்கள் மன்னித்ததே இல்லை. மற்றக் குழுக்களின் ரசிகர்கள் மேடையை நோக்கி பீர் கோப்பைகளை வீசிய காலத்தில், நாங்கள் மிட்டாய்த் தாளைக்கூட வீட்டிலேயே பிரித்துவிட்டு வருவோம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

என் நண்பன் லாக்லனுக்கு மட்டும் அந்த ஒழுக்கம் கைவரவில்லை. பேக்கரியில் வேலை. மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டான். தங்கமான பையன். கொக்கு குழுவை எனக்கு அறிமுகம் செய்ததே அவன்தான். கச்சேரிக்குக் கச்சேரி கோட்டுப் பையில் இரண்டு இறைச்சி பஃப்ஸ் கொண்டுவருவான், ஒன்று எனக்கு.

அபர்டீன் கச்சேரி நாடாவைக் கேட்டிருப்பீர்கள். நான்காவது பாட்டில், இஷ்பெல் உச்சத்தைத் தொடும் இடத்தில், புஸ் புஸ் என்று இரண்டு தடவை. லாக்லனின் இன்ஹேலர்தான் அது. லீட்ஸ் நகரத்து ரசிகர் ஒருவர், அரங்கத்தில் காஸ் கசிந்ததா என்று கேட்டுக் கடிதம் போட்டார். அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"பாத்தியாடா, கொக்கு நாடாவுல நானும் வந்துட்டேன்," என்று சிரித்தான்.

"உனக்கு விளையாட்டா இருக்கு. எட்டு மாசம் காத்திருந்து எடுத்தது."

"மூச்சு விடணும்ல, ராடி. அதுக்கும் உங்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமா?"

நானும் சிரித்தேன். எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இருந்ததில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

டண்டீ கச்சேரி 1986 நவம்பரில், ஒரு ஞாயிறு பிற்பகலில், வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயத்தில் நடந்தது. கல் சுவர், மர பெஞ்சுகள், ஒன்பது விநாடி எதிரொலி. பதினொரு நிமிடப் புதுப் பாட்டு ஒன்றை அன்று முதல் தடவையாகப் பாடப்போவதாகப் பேச்சு. பிறகு குழு பிரிந்துவிட்டது. அந்தப் பாட்டு இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

வாசலில் லாக்லன் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "பிடிடா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன். பஃப்ஸ்ல கை வச்சே, தொலைச்சுடுவேன்."

பஃப்ஸில் கை வைக்கவில்லை. இன்ஹேலரை மட்டும் எடுத்து, என் கால்சட்டைப் பையில் உபரி பேட்டரிகளோடு போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்ததுதான். நாடாவின் ஒரு பக்கம் ஓடும் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மட்டும். பக்கம் மாற்றும்போது கொடுத்துவிடலாம். சினிமாவில் அவன் இரண்டு மணி நேரம் புஸ் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புகை இயந்திரம் வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதில் என் கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. சிறிது நேரத்தில் வெண்புகை மேடையிலிருந்து இறங்கி பெஞ்சுகளுக்கு நடுவே வந்தது. பார்க்க மிக அழகாக இருந்தது. லாக்லன் கோட்டுப் பைகளைத் தடவ ஆரம்பித்தான். பிறகு பெஞ்சுக்கு அடியில் துழாவினான். ஒரு பாட்டு முடிந்ததும் என் காதோரம் குனிந்து, "ராடி, என் மருந்து... பாத்தியா?" என்றான். பாட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் என்பதால் அந்த இடத்தைப் பின்னால் சுலபமாக வெட்ட முடிந்தது. நான் உதட்டில் விரல் வைத்தேன். புதுப் பாட்டு தொடங்கியது.

எழுந்து போயிருக்கலாமே என்பீர்கள். அவன் சுவரோரம், நான் வழியோரம். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தடவை எழப் பார்த்தான். அந்தக் காலத்துப் பெஞ்சு, அசைந்தால் கிறீச்சிடும். அவன் முழங்காலில் கை வைத்து மெல்ல அமர்த்தினேன்.

எட்டாவது நிமிடத்தில் கிதார் நின்று, எல்லாம் அடங்கும் ஓர் இடைவெளி வரும். அங்கே ஒரு நீண்ட மூச்சு கேட்கும், உள்ளே போக மறுக்கும் காற்றை இழுப்பது போல. அதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். இஷ்பெல் தன்னை மறந்த நொடி என்று எழுதினீர்கள். அந்த மூச்சின் ஒலி அலையைக் கோடாக வரைந்து கையில் பச்சை குத்திக்கொண்டவர்கூட இருக்கிறார். அது இஷ்பெல் இல்லை. லாக்லன்.

பாட்டு முடிந்தது. ஒன்பது விநாடி எதிரொலியும் சுத்தமாகப் பதிவாகியது. கைதட்டல் எழுந்ததும் நாடாவைப் பக்கம் மாற்றினேன், அதற்கு எட்டு விநாடி பிடித்தது. பிறகு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தபோது உயிர் இல்லை. மருந்து அவனிடம் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். அதற்குள் அது மறுபடி என் பைக்குள் போயிருந்தது.

அன்று காலை அந்தக் கோட்டைத் தூசி தட்டிக் கொடுத்தவள் அவன் அக்கா மார்வென். "நான் உதறினப்பதான் எங்கயோ விழுந்திருக்கும், ராடி. என் தம்பிய நானே கொன்னுட்டேன்," என்று அழுதாள்.

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க அக்கா," என்றேன்.

வருடம் தவறாமல் அவன் நினைவு நாளில் அவளுக்குப் பூ அனுப்புகிறேன். போன வருடமும் தொலைபேசியில் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அழுதாள். விழுந்துவிட்டது என்று நான் சொன்னதே இல்லை. விழவில்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்ஹேலரை எடுத்தது நான். அவனுக்கு அது வேண்டியிருந்தபோது என் பையில் இருந்தது எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. மார்வெனுக்கு ஒரு பிரதி இலவசமாக அனுப்பும்படி வெளியீட்டாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒலியைச் சுத்தம் செய்பவர் எட்டாவது நிமிட மூச்சை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், ரசிகர்கள் ஏமாந்துபோவார்கள். லாக்லனுக்கும் என் மேல் வருத்தம் இருந்திருக்காது. பாட்டு முடியும் வரை என் கை அவன் முழங்காலில்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வளவு லயித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.