நொரை இல்லாத எடம்

இல்லண்ணே, நீங்க சொன்னத தப்புன்னு சொல்ல வரல. கடலுக்குப் போற பஸ்ஸு, யாருகிட்ட சாராயப் போத்தல் இருந்தாலும் பசறையிலயே எறக்கி வச்சிடணும்னு எந்திரிச்சு நின்னு சொன்னீங்க, நல்ல விசயம்தான். கோயில் கமிட்டி செயலாளருன்னா அப்படித்தான் இருக்கணும். ஆனா கூடவே ஒண்ணு சொன்னீங்க பாருங்க, பூனாகலை கணபதின்னு ஒருத்தன் குடிச்சிட்டு கடல்ல எறங்கித்தான் செத்தான், குடிக்காம எறங்குனா ஒண்ணும் ஆகாதுன்னு. அதுக்குத்தான் பின்னால இருந்து எந்திரிச்சு வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன்.

அந்தக் கணபதி எங்கப்பா.

அய்யோ, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்து நாலு வருசந்தானே ஆகுது. உங்களுக்கெல்லாம் நான் ஜெயகுமார் சம்சாரம், அவ்வளவுதான். துஷாந்தினின்னு என் பேரு கூட பாதிப் பேருக்குத் தெரியாது. இருங்க, எந்திரிக்காதீங்க. மொனராகலையில டீக்கு நிப்பாட்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். இந்தப் பாட்டு சத்தத்துல பின்னால யாருக்கும் கேக்காது.

எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்லண்ணே. எங்கம்மாவப் பெத்தவரு குடிச்சுக் குடிச்சே செத்த மனுசன். அதனால பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அம்மா கேட்டிச்சாம், குடிப்பீங்களான்னு. முனியாண்டி கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு. கடைசி வரைக்கும் அத மீறல.

அவருக்கு வேற போதை. காடு. காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல பேரு குடுத்திட்டு, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து மலைக்குப் போவாரு, வேலை விட்டா நேரா வீட்டுக்கு வரமாட்டாரு. எந்த மரத்துல தேன் இருக்கு, பன்னி எந்த வழியா எறங்கும், ஆத்துல எந்தக் கல்லுக்கடியில நண்டு கெடக்கும், எல்லாம் அத்துப்படி. யாராச்சும் காட்டுல வழி தப்பிட்டா தோட்டத்துத் தொர கூட ஜீப்ப அனுப்பி அப்பாவத்தான் கூட்டிட்டு வரச் சொல்லுவாரு. நரிக்கு, புலிக்கு, எதுக்கும் பயந்ததில்ல. மிருகம் மாட்டுறதுக்குக் கம்பி வச்சு தடம் போடுற ஆளுங்களத்தான் அவருக்குப் பிடிக்காது. தடத்தக் கண்டா பிச்செறிஞ்சிட்டு வந்திடுவாரு. அதுக்காக ரெண்டு தடவ அடி கூட வாங்கியிருக்காரு.

காடு காடுன்னு கெடந்தாலும் எங்கள விட்டதில்லங்க. எனக்கு ரெட்டைச் சடை பின்னி விடுறது அவருதான். அந்தக் கவ்வாத்துக் கத்தி பிடிச்ச கையால. வலிக்கும், ஆனா சாயங்காலம் வரைக்கும் அவிழாது. மழை காலத்துல ஆத்தத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போகணும். தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு கம்பால குத்திப் பாத்துப் பாத்து எறங்குவாரு. அப்பத்தான் அந்தப் பாடம். நொரை அடிச்சா கீழ கல்லு இருக்கு, கால ஒடிச்சிடும். நொரை இல்லாத எடமா பாத்து எறங்கணும் பாப்பா. இதையே நூறு தடவ சொல்லியிருப்பாரு. எங்க லயத்து வரிசை வீட்டுல உள்ள அத்தன புள்ளைகளும் அப்படித்தான் ஆத்தக் கடந்து படிச்சோம். ஒரு புள்ளைக்கு ஒண்ணும் ஆனதில்ல.

ஆமாங்க, நம்ம மலைக்கு அது சரிதான். அதான் சொல்ல வர்றேன்.

ஒம்பது வருசத்துக்கு முன்னால, இதே மாதிரி பஸ்ஸ ஹயருக்குப் பிடிச்சுக்கிட்டு எங்க லயத்து ஆளுங்க பொத்துவில் கடலுக்குப் போனோம். அம்மா மட்டும் வரல. அப்பாவுக்கு அம்பத்திரண்டு வயசு. அன்னைக்குத்தான் மொத மொதலா கடலப் பாக்குறாரு. மத்தவங்க எல்லாம் மரத்தடியில சோறாக்க அடுப்பு மூட்டுறாங்க, ஆம்பளைங்க சில பேரு பஸ்ஸுக்குப் பின்னால போத்தலத் தொறந்திட்டாங்க. இவரு மட்டும் மணல்ல குத்த வச்சு உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அர மணித்தியாலம் இருக்கும். அப்புறம் என்னையக் கூப்பிட்டுக் காட்டுனாரு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலை ஒடைஞ்சு வெள்ளையா நொரை. நடுவுல ஒரு பத்துப் பதினஞ்சு அடிக்கு ஒண்ணுமே இல்ல, அப்படியே வழவழன்னு கெடக்கு. அங்கிட்டுக் கல்லு இருக்கும் பாப்பா, நடுவுல எறங்கு, அதான் வழின்னாரு.

நான் எறங்கினேன். ரெண்டு மூணு எட்டு வச்சிருப்பேன், காலுக்கடியில மணலே இல்ல. தண்ணி அடிக்கவும் இல்ல, பொரட்டவும் இல்ல. சத்தமே போடாம வெளிய கொண்டு போகுது. கரைய பாக்குறேன், அடுப்புப் பொகை சின்னதாத் தெரியுது. கத்துறேன், யாருக்கும் கேக்கல.

அவருக்குக் கேட்டிருச்சு.

கடல்ல அலை ஒடையாத எடத்துல என்ன நடக்குதுன்னு பின்னாடி எனக்கு அங்க ஒரு மீன்காரரு சொன்னாரு. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் சேந்து திரும்பிப் போற வாய்க்காலாம் அது. அதுல நேரா கரையப் பாத்து நீந்தினா எவனா இருந்தாலும் செத்தான். பக்கவாட்டுல போகணுமாம், அலை ஒடையிற பக்கம். எங்கப்பாவுக்கு அது யாரும் சொல்லித் தரல. ஆனா அந்த மனுசன் தண்ணிக்குள்ள என்னையப் பிடிச்ச பெறகு, ரெண்டே நிமிசத்துல படிச்சிட்டாரு. அதுவரைக்கும் என் வாழ்க்கை பூரா சொன்னத அப்படியே மாத்தி, நொரை பக்கம் போ, நொரை பக்கம் போ பாப்பான்னு கத்துறாரு. கத்திக்கிட்டே என் இடுப்புல கால வச்சு ஒரு ஒதை விட்டாரு. நான் போயி அலையில விழுந்தேன், அலை என்னைய மணல்ல கொண்டாந்து போட்டிடுச்சு. திரும்பிப் பாக்குறேன், தண்ணி பழையபடி வழவழன்னு கெடக்கு.

இல்லங்க, ஒடம்பு கெடைக்கவே இல்ல. நேவி ஆளுங்க நாலு நாள் தேடினாங்க.

அம்மா அவரு போட்டோவ மாட்டல. தெவசம் குடுக்கல. வெளக்கு வைக்கிறதில்ல. சத்தியம் பண்ணிக் குடுத்திட்டு, மகளப் பக்கத்துல வச்சிக்கிட்டே குடிச்சிருக்கான் பாரு, எங்கப்பன மாதிரியே போயிட்டான்னு அதுக்கு ஒரே ஆத்திரம். ஒம்பது வருசமா அந்த வீட்டுல அவரு பேரச் சொல்ல முடியாது.

சரி, அம்மாவ விடுங்க. போன வருசம் பசறைப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கடலுக்குப் போயி செத்துப் போனாங்கல்ல, ஒரு அக்காவும் தம்பியும். அவங்க குடிச்சிருந்தாங்களா? அந்தச் செத்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். கூட இருந்த புள்ளைகிட்ட, எந்த எடத்துல எறங்குனாங்கன்னு கேட்டேன். அலை இல்லாத எடமாப் பாத்துத்தான் எறங்குனாங்க அக்கா, நாங்கதான் குடிக்கலையேன்னு சொல்லுச்சு. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்லண்ணே. கணபதி குடிச்சதாலதான் செத்தான்னு பதுளையில இருந்து பண்டாரவளை வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. அவரு கடைசியாக் கத்துனது ஒருத்தருக்கும் தெரியாது. உங்க மக கூட காலையில அந்த மஞ்சக் கலர் டியூப்பக் காட்டி, அலைன்னா பயமா இருக்கு அக்கா, நான் அலை இல்லாத எடத்துலதான் குளிப்பேன்னு சொல்லுது.

அவரு குடிச்சிருந்தாருன்னு கெளப்பி விட்டது யாருன்னா கேக்குறீங்க? நானும் அதத்தான் சொல்லணும்னு வந்தேன்.

போலீஸ்ல சிங்களத்துல கேட்டாங்க, குடிச்சிருந்தாரான்னு. தோட்டத்து ஆளு கடல்ல போனா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா அடுத்து, யாரு மொதல்ல எறங்குனது, யாரு எடத்தக் காட்டுனதுன்னு கேப்பாங்கல்ல. எனக்காகத்தான் எறங்குனாருன்னு வீட்டுக்குப் போயி அம்மா மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. காட்டு மனுசன் கணபதி தண்ணியத் தப்பாப் பாத்திட்டாருன்னும் வாய் வரல. ஓவ், ஆமா, குடிச்சிருந்தாருன்னு தலைய ஆட்டுனது நாந்தான். பெத்த மக சொன்னா யாரு நம்ப மாட்டாங்க? எழுதிக்கிட்டாங்க, நான் கையெழுத்தும் வச்சேன்.

ஆமாங்க, இப்பவே எல்லாருக்கும் சொல்லணும். நீங்க சொல்ல வேணாம், நானே எந்திரிச்சுச் சொல்றேன். கொஞ்சம் தைரியம் வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். பின்னால மூணாவது சீட்டுல, உங்க மகள மடியில போட்டுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்குல்ல, அதுதான் பாக்கியலெட்சுமி, எங்கம்மா. ஒரே ஒரு தடவ அந்தக் கடலுக்கு நேர்ல போயி அந்தாள நாலு கேள்வி கேட்டுத் திட்டிட்டு வரணும்னுதான் என் கூட வந்திருக்கு.

அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே.