ஏரிக்கரை குறுக்குத் தெருவில் போட்ட சைக்கிள் கோலம்

பெயர் அங்காளம்மாள், வயது 64, கணவர் பெயர் லோகநாதன், முகவரி எண் 7, ஏரிக்கரை குறுக்குத் தெரு, முடிச்சூர், மேற்குத் தாம்பரம் வழி. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். விசாரணைக்கு அழைக்கப்பட்டு 3-1-94 மாலை நான்கு மணிக்கு போலீஸ் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது.

என் பேரன் தேவானந்தம் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறி ரயில்வேயில் பயிற்சியில் இருக்கிறான். அவன் தங்கை ஞானஜோதி பத்தாவதில் 441 மதிப்பெண் எடுத்து இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சின்னவள் ஜெயக்கொடி எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் இரண்டாவது. இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று எழுதும் ஏட்டு சொன்னதற்கு, "அந்த ரெண்டு பொண்ணுங்க பேர்லதான சார் புகாரு கீது? யாருன்னு தெரிய வாணாவா? எழுதுங்க" என்று சொன்னேன்.

எங்கள் தெரு, பள்ளிக்கும் தாம்பரம் ஸ்டேஷனுக்கும் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களின் வழி. ஆடி மாதம் முதல், மனை போட்டு விற்கும் ஒரு கம்பெனியின் மண் லாரிகள் அதில் ஓடுகின்றன. ஐப்பசியில் ஒரு லாரி உரசி ஞானஜோதி சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கை முறிந்தது. அதன் பிறகு அவள் அப்பாவான என் மகன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். மற்ற வீட்டுப் பெண்களின் சைக்கிள்களும் அப்படியே நின்றுவிட்டன.

மார்கழி பிறந்ததும் நான் எங்கள் தெருவின் ஏழு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு, வாசல் கோலத்தோடு சைக்கிளும் சின்னச் சின்னப் பாதமும் போடலாம் என்றேன். தினமும் போட்டோம். பாதம் போன பக்கமே ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். பூட்டிய சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் மகனும் சாவியைக் கொடுத்துவிட்டான். இன்று லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாள் என்பதால், ஏழு கோலத்தையும் தெருவுக்குக் குறுக்கே ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு மட்டும் வழி விட்டு, நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைத்தோம்.

அதன் பிறகு ஏழரை மணிக்கு லாரி வந்தது. ஓட்டுநர் குப்புராஜ் இறங்கி, "இன்னா ஆயா, ரோட்டையே அடைச்சிகினீங்க?" என்றார். "எங்க அடைச்சிகீது? ஓரத்துல வழி கீது பாரு. சைக்கிள்ல வா, தாராளமா போ" என்றேன். "லாரிய மடிச்சி கேரியர்ல வெச்சிகினு வரட்டா?" என்று சிரித்தவர், பிள்ளையாரைப் பார்த்ததும், "இதும்மேல ஏத்திட்டு நான் வூடு போய்ச் சேர வாணாவா" என்று சொல்லி லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார். பின்னால் வந்த இரண்டு லாரிகளும் திரும்பின. அதன் பிறகு கம்பெனி மேனேஜர் ஸ்ரீரங்கன் ஜீப்பில் வந்து, கோலத்தின் மேலேயே ஓட்டி, அந்த நேரம் சைக்கிளில் வந்த என் பேத்திகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய், அவர்கள் ரோட்டை மறித்ததாக இங்கே புகார் கொடுத்திருக்கிறார்.

நாங்கள் கல் வைக்கவில்லை, கயிறு கட்டவில்லை, யாரும் மறித்து நிற்கவில்லை. போட்டது அரிசி மாவு. லாரியை நிறுத்தியவர் அதை ஓட்டியவர். கோலம் போடச் சொன்னவள் நான். போடும்போது என் பேத்திகள் எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று இங்கே சொன்னார்கள். கொடுக்க மாட்டேன்.

எழுதியதை நானே வாங்கிப் படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. புகாரோடு வைத்திருக்கும் போட்டோ, ஜீப் ஏறி அழிந்த பிறகு எடுத்தது. அதில் டயர் போன தடம்தான் இருக்கிறது, எங்கள் கோலம் இல்லை. நாளைக் காலை ஐந்து மணிக்கு மறுபடியும் போடுகிறோம். ஏழு மணிக்குள் ஆளை அனுப்பிப் புதிதாகப் போட்டோ எடுத்து, கோர்ட்டுக்கு ஒன்றும் மேற்படி என் முகவரிக்கு ஒன்றும் தபாலில் அனுப்ப வேண்டும்.

(ஒப்பம்) லோ. அங்காளம்மாள்