மணல் பெட்டியில் ஒரு வளையல்

கடைக்காரம்மா: நின்னுக்கிட்டுப் போட்டுப் பாக்காதீங்க. கீழ உட்கார்ந்து, ஒரு முட்டிய ஊன்றி, மண்ணு தோண்டற மாதிரி குனிங்க. நின்னுக்கிட்டே முட்டிப் பட்டை வாங்கறவங்கதான் மறு வாரம் திருப்பிக் கொண்டு வர்றாங்க.

தம்பி: எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் மிஷின வெச்சுப் பழைய காசு தேடறது ஏரிக்கரை மணல்ல... பஞ்சு மாதிரி இருக்கும்.

அக்கா: பஞ்சா? போன வாரம் முட்டியில ரத்தத்தோட வந்தியே, அது எந்தப் பஞ்சு குத்தினது?

தம்பி: அக்கா...

அக்கா: பேசாம போட்டுப் பாருடா. பொறந்த நாளும் அதுவுமா நான் வாங்கித் தர்றேன். நாப்பத்து நாலு வயசாச்சு, இன்னும் பேண்ட்ட முட்டியில கிழிச்சுக்கிட்டு வர்றான்.

கடைக்காரம்மா: எப்படி இருக்கு?

தம்பி: பின்னால மடிப்புல கொஞ்சம் கிள்ளுது.

கடைக்காரம்மா: ...

அக்கா: குனிஞ்சுக்கிட்டு முணுமுணுக்காதடா. அவங்களப் பாத்துச் சொல்லு.

தம்பி: பின்னால கிள்ளுதும்மா!

கடைக்காரம்மா: கத்த வேண்டாம், முகத்தப் பாத்துச் சொன்னா போதும். கிள்ளினா அது உங்க அளவு இல்ல. இந்தாங்க, இது ரெண்டு வார் வெச்சது. முட்டிக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

தம்பி: ம்... இது பரவால்ல. அட, நல்லாவே இருக்கே!

அக்கா: எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வைங்க. நேத்து ஏழு மாடி ஏறி இறங்கி என் முட்டி ரெண்டும் விட்டுப் போச்சு.

தம்பி: ஏழு மாடியா? எங்க?

அக்கா: அந்தப் பெரியவருக்குக் கால்ல கட்டு மாத்தப் போனேன்ல...

தம்பி: அங்கதான் லிஃப்ட் இருக்கே! வெள்ளிக்கிழமைதான் நானே போய் லிஃப்ட்டச் சோதிச்சு நோட்டுல கையெழுத்துப் போட்டேன்.

அக்கா: இருக்கு, இருக்கு. உடம்புக்கு நல்லதுன்னு ஏறினேன்.

தம்பி: பாத்தீங்களாம்மா? நர்ஸம்மாவுக்குத் திடீர்னு உடம்பு மேல அக்கறை!

அக்கா: நீ பையப் பாரு.

கடைக்காரம்மா: இடுப்புப் பையில ரெண்டு அறை இருக்கணும். ஒண்ணு குப்பைக்கு, ஒண்ணு நல்ல பொருளுக்கு. அடியில வலை இருந்தா மணல் தானா கொட்டிடும், கனக்காது.

தம்பி: எனக்கு ஒரு அறை போதும்மா. ஆறு வருஷமா ஆணி, போல்ட்டு, தகர மூடி. ஞாயித்துக்கிழமை தவறாம போறேன், ஒரு காசு கண்ணுல பட்டதில்ல.

கடைக்காரம்மா: ஒண்ணு கூடவா?

தம்பி: ஒண்ணு கூட. இவ கூட வந்து கரையில உடஞ்சு கிடக்கற படகு மேல உட்கார்ந்துக்கிட்டு என்னக் கிண்டல் பண்றதுதான் மிச்சம்.

அக்கா: ஏரிய இரும்புக் கடைக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்களான்னு கேட்டேன். அது ஒரு தப்பா?

தம்பி: அம்மா... இந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கறதெல்லாம்?

கடைக்காரம்மா: கிட்டப் போய்ப் பாருங்க.

தம்பி: அக்கா, இங்க வா! இந்தக் காசப் பாரேன். இலை மாதிரி இருக்கு... தேஞ்சு தேஞ்சு முகமே போயிருச்சு. எத்தன பேரு கையில புழங்கியிருக்கும்!

அக்கா: இந்த மணி... நகம் அளவுதான் இருக்கு. ஆட்டுக்குட்டிக்குக் கட்டியிருப்பாங்களோ?

தம்பி: இது தையக்காரங்க விரல்ல போடற தொப்பி. உள்பக்கம் பாரு, விரல் பட்டுப் பட்டு எப்படி மினுங்குது. யாரோ எங்கயோ உட்கார்ந்து தெச்சிருக்காங்க... கை நழுவி விட்டுட்டு எவ்வளவு தேடினாங்களோ... யம்மா! இதெல்லாம் எங்க கிடைச்சதும்மா?

கடைக்காரம்மா: ஏரிக்கரையிலதான். நீங்க நடக்கற அதே கரை.

தம்பி: அதே கரையா?

கடைக்காரம்மா: உடஞ்ச படகுலேருந்து பம்ப் ரூம் வரைக்கும்.

தம்பி: நான் அங்க நடக்காத அடி இல்லியே! யாரு எடுத்தா?

கடைக்காரம்மா: தெரிஞ்சவங்கதான்.

தம்பி: இத எடுத்தவருக்கு என்ன காது இருந்திருக்கணும்... கையெடுத்துக் கும்பிடலாம்.

கடைக்காரம்மா: ம்... இருங்க, வாசல்ல ஆள் வந்திருக்கு. ...இல்ல, எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

தம்பி: கதவு திறந்தா விளக்கு சிமிட்டுதே, வேடிக்கையா இருக்கு. ஒரு மணி மாட்டினா போதாதாம்மா?

கடைக்காரம்மா: மணி எனக்கு ஒத்து வரல. சரி, ஹெட்ஃபோன் பாப்போம். உங்க மிஷின் கொண்டு வந்தீங்கல்ல?

தம்பி: இதோ. பழசு. திரை கிரை ஒண்ணும் கிடையாது, மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா சத்தம் மட்டும்தான். ஹெட்ஃபோனும் எங்கிட்ட இருக்கு, அது வேண்டாம்.

அக்கா: இருக்கறதுதான் தொல்லை. கடைத்தெருவுல ஹெட்ஃபோன், சோறு தின்னும்போது ஹெட்ஃபோன். கூப்பிட்டா திரும்ப மாட்டான். கேட்டா, பாட்டு ஓடிச்சுங்கறான்.

தம்பி: பாட்டு ஓடினா ஓடிச்சுன்னுதானே சொல்லணும்?

அக்கா: அந்த ஒயரு ஒரு நாள் தட்டுல கிடந்துச்சு. எதுலயும் சொருகாம.

தம்பி: ...கழண்டிருக்கும்.

கடைக்காரம்மா: என்னோடத மாட்டிக்குங்க. மெத்துனு இருக்கும், நாலு மணி நேரம் போட்டாலும் காது மடல் வலிக்காது. இந்த மேசை மேல இருக்கற மணல் பெட்டியில சில பொருள் புதைச்சு வெச்சிருக்கேன். மெதுவா மிஷின ஓட்டுங்க. எது எங்க இருக்குன்னு சொல்லுங்க.

தம்பி: பரீட்சையா?

கடைக்காரம்மா: வர்ற எல்லாருக்கும் வெக்கறதுதான்.

தம்பி: இங்க... "உம்"முனு வருது. ஆணி.

கடைக்காரம்மா: சரி.

தம்பி: இங்க ஒண்ணு, அதே சத்தம். தகரமா இருக்கும்.

கடைக்காரம்மா: சரி. இன்னும் போங்க... இன்னும்... இப்ப?

தம்பி: ஆங், கேட்டுது.

கடைக்காரம்மா: என்ன கேட்டுது?

தம்பி: அதான்... சத்தம். லேசா.

கடைக்காரம்மா: தம்பி, கோவிச்சுக்காதீங்க. காதுல விழுந்தா கை நிக்கும். ஆணி மேல நின்னுச்சு, தகரத்து மேல நின்னுச்சு. இங்க மூணு தடவ கடந்து போச்சு, உங்க கை நிக்கவே இல்ல.

தம்பி: கவனிக்கல, அவ்வளவுதான். பேசிக்கிட்டே இருந்தா எப்படி...

அக்கா: ஹெட்ஃபோனக் குடு. ...டேய், கீச்சுனு கத்துதுடா! குருவி மாதிரி. என் காதே கூசுது.

தம்பி: பொய் சொல்லாத.

அக்கா: பொய்யா?

தம்பி: குடு இப்படி. ...எங்க? எங்கக்கா? ஒண்ணுமே இல்லியே... ஒண்ணுமே வரலியே...

கடைக்காரம்மா: இரும்பு கீழ் சுருதியில பேசும், வெள்ளி மேல் சுருதியில பேசும். உங்களுக்கு மேல உள்ளது விழல, அவ்வளவுதான். ஹெட்ஃபோனக் கழட்டுங்க. கையக் குடுங்க... இந்தப் பட்டைய மணிக்கட்டுல கட்டறேன். காதுக்குப் போற ஒயர இதுல சொருகணும். இப்ப ஆணி மேல ஓட்டுங்க.

தம்பி: ஆ... மெதுவா இடிக்குது. எருமை அசை போடற மாதிரி.

கடைக்காரம்மா: அதுதான் இரும்பு. இப்ப இந்தப் பக்கம் வாங்க. மெதுவா... கண்ண மூடிக்கிட்டாலும் சரி.

அக்கா: என்னடா, கை நின்னுடுச்சு?

தம்பி: ...

அக்கா: டேய், என்ன ஆச்சு? எதாவது சொல்லேன்!

தம்பி: அக்கா... கோழிக்குஞ்சக் கைக்குள்ள மூடிப் பிடிச்சா நெஞ்சு படபடக்குமே... அது மாதிரி. மண்ணுக்குள்ள ஏதோ முழிச்சுக்கிட்டு இருக்கு அக்கா. இவ்வளவு நேரம் இங்கதான் இருந்துச்சா? இப்படியே துடிச்சுக்கிட்டா?

கடைக்காரம்மா: தோண்டி எடுங்க.

தம்பி: வளையல்... வெள்ளி வளையல். இந்த நெளிவு... இது உன்னோடதுக்கா! சின்ன வயசுல கதவு இடுக்குல வெச்சு நான் நசுக்கினது. இது எப்படி இங்க?

அக்கா: நான்தான் காலையில கொண்டு வந்து குடுத்தேன்.

தம்பி: எதுக்கு?

அக்கா: அதுக்கு முன்னால இது ஏரிக்கரையில இருந்துச்சு. உடஞ்ச படகுப் பக்கத்துல, ஒரு சாண் ஆழத்துல. நானே புதைச்சேன். நாலு ஞாயித்துக்கிழமை நீ அது மேலயே நடந்து போன. நாலாவது வாரம் நீ தண்ணி குடிக்கப் போனப்ப நானே தோண்டி எடுத்துக்கிட்டேன்.

தம்பி: படகு மேல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தியே...

அக்கா: சிரிக்காம என்னடா பண்றது? அழுதா நீ கேப்பியே, ஏன்னு.

தம்பி: அப்ப ஆறு வருஷமா... அந்தக் கரை பூரா... நான் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு திட்டிக்கிட்டே நடந்த இடமெல்லாம்... என் காலுக்கு அடியில இப்படித் துடிச்சுக்கிட்டா இருந்துச்சு? அடேயப்பா... எவ்வளவு இருக்கும்க்கா! எவ்வளவு இருக்கும்!

கடைக்காரம்மா: நிறைய இருக்கு. எங்கயும் போயிடாது.

தம்பி: ...அக்கா.

அக்கா: சொல்லு.

தம்பி: நேத்து ஏன் படியேறிப் போன?

அக்கா: சொன்னேனே, உடம்புக்கு...

தம்பி: ஏன் படியேறின?

அக்கா: ...கத்துதுடா. உன் லிஃப்ட். மூணாவது மாடி தாண்டினதும் இரும்ப இரும்பு அறுக்கற மாதிரி கிரீச்சுனு. அப்படியே கீழ இறங்கிட்டேன், மறுபடி அதுல ஏற எனக்குத் தைரியம் வரல. வாட்ச்மேன்கிட்ட நிறுத்தச் சொன்னேன். அவர் நோட்டத் திறந்து காட்டறார். "சத்தம் ஏதும் இல்லை"ன்னு உன் கையெழுத்து. "இவரு காதால பாக்கறவரும்மா, இவரு சொன்னா சரிதான்"ங்கறார்.

தம்பி: பேரிங் போயிருக்கு... அது போனா அப்படித்தான் கத்தும். வெள்ளிக்கிழமை மூணு தடவ ஏறி இறங்கினேன். எவ்வளவு அமைதியா ஓடுதுன்னு நெனச்சேன். பெருமையா நெனச்சேன் அக்கா.

அக்கா: உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?

தம்பி: ...தெரியும். கொஞ்சம். குருவிச் சத்தம் நின்னு ரொம்ப நாளாச்சு. வெயில் காலம், எங்கயோ போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஒயர சொருகாம ஹெட்ஃபோன் மாட்டினா யாரும் கேக்க மாட்டாங்கன்னு... பன்னெண்டு வருஷம் காதால பொழச்சவன்க்கா நான். காது போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?

அக்கா: அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். வீட்டுல சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவ.

தம்பி: இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. குழந்தைங்க ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்... போனக் குடு.

அக்கா: நான் பேசறேன்டா. நிறுத்தச் சொன்னா போதும், காரணம் நாளைக்கு...

தம்பி: நீ சொன்னா நேத்து மாதிரிதான் நோட்டக் காட்டுவாங்க. என் கையெழுத்த நான்தான் அடிக்கணும். குடு. ...ஹலோ, டூட்டி இஞ்சினியரா? சார், நான்தான்... ஆமா. அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்து லிஃப்ட்ட உடனே நிறுத்துங்க. ஆமா, நான் சரின்னு எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன். ...இல்ல சார், அவசரத்துல இல்ல. எனக்குக் கேக்கல. ...நீங்க மெதுவா பேசறதால இல்ல சார், எனக்குக் காது சரியா கேக்கல. ரொம்ப நாளா. ...இருக்கேன். நிறுத்திட்டுச் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன். ...

அக்கா: என்னவாம்?

தம்பி: இரு... சரி சார். யாரும் உள்ள இல்லியே? ...நல்லது. நாளைக்குக் காலையில வர்றேன். நான் பாத்த மத்த லிஃப்ட்டு லிஸ்ட்டும் கொண்டு வர்றேன், எல்லாத்தையும் வேற ஆள வெச்சுப் பாத்துடுங்க. ...வெக்கறேன் சார்.

அக்கா: நின்னுடுச்சா?

தம்பி: நின்னுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

அக்கா: அப்பாடா... இப்பத்தான்டா எனக்கு மூச்சு வருது.

தம்பி: எல்லாம் போச்சுக்கா. நாளையிலேருந்து வேலை இல்ல. முட்டிப் பட்டை, பை எல்லாம் எடுத்து வெச்சுடச் சொல்லு. காது போனவன் எந்த மண்ணப் போய்க் கேக்கப் போறான்...

கடைக்காரம்மா: பையில எந்த நிறம் வேணும்னு இன்னும் சொல்லலியே?

தம்பி: நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன், இவங்க என்ன கேக்கறாங்க பாரு.

அக்கா: தலைய நிமித்து. அவங்களப் பாத்துப் பேசுடா.

தம்பி: ஏன்க்கா? குனிஞ்சு பேசினா இவங்க காதுல விழாதா?

கடைக்காரம்மா: விழாது தம்பி. ஒம்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட சரி. அப்புறம் ஒரு சத்தமும் என் காதுல விழுந்ததில்ல. நீங்க பேசினத உங்க உதட்டுலேருந்து எடுத்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கற காசு, மணி, தையக்காரங்க விரல் தொப்பி, எல்லாத்தையும் இந்த மணிக்கட்டாலதான் எடுத்தேன். அந்தப் பட்டைய எனக்காக நானே செஞ்சேன், விக்கறதுக்கு இல்ல. ஆனா போன வாரம் அக்கா வந்துட்டுப் போனதும் உங்களுக்குன்னு இன்னொண்ணு செஞ்சு வெச்சேன். நீட்டுங்க... வலது கையா, இடது கையா?