வடிவுக்குக் கொடுக்காத மாத்திரை

வல்லிநாயகமாகிய நான் குற்றாலநாதர் வாசலைப் பார்த்து நின்று சொல்லுகிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் சாதுவான மனுஷன். காபியில் சீனி குறைந்தால்கூடச் சத்தம் போட மாட்டேன்.

என் வீட்டுக்காரி வடிவாம்பாளுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்த பிறகு, தென்காசி டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் அதை அவள் உள்ளங்கையில் வைப்பது என் வேலை. எங்கள் மகள் சண்முகப்பிரியா பெங்களூரில் கண் ஆராய்ச்சி செய்கிறாள். லீவுக்கு வந்தவள் சோறு பிசைந்தபடி சொன்னாள்: கண்ணின் லென்ஸ் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பெராக்சைடு விட்டால் துருப்பிடித்த மாதிரிக் கெட்டுப்போகுமாம், கண்ணில் புரை விழுவது அப்படித்தானாம், ஈஸ்ட்ரோஜன் சேர்த்தால் தாக்குப்பிடிக்குமாம். "தட்டுல நடக்கது ஆளுக்குள்ள நடக்குமான்னு இன்னும் சரியாத் தெரியலப்பா" என்றும் சொன்னாள். முதல் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. ஏனென்றால் கை கழுவும்போது, அம்மா இனி என்னோடு இருக்கட்டும் என்றாள். என்னையும் கூப்பிட்டாள், என் கதைகளை இங்கேயே வைத்துவிட்டு வருவதானால்.

பார்வை மங்கினவள் பழகின வீட்டை விட்டு எங்கே போவாள்? மறுநாள் முதல் அதே நிறத்தில் ஒரு கால்சியம் மாத்திரையை வைத்தேன். மிஞ்சினதை வீணாக்கவில்லை. குற்றாலத்தில் ஒரு பெண் குரங்குக்கு வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தேன். அது இப்போது ஐந்தருவியில் உட்கார்ந்தபடியே, நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி மெயினருவியில் நான் வாங்குவது நேந்திரங்காய் சிப்ஸா மரவள்ளி சிப்ஸா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறது.

அருவியில் பெண்கள் பக்கம் தனி. நான் வெளியே கம்பியைப் பிடித்து நிற்பேன். முதல் வருஷச் சாரல் சீசனில் வடிவு அங்கிருந்தே என்னைக் கண்டுபிடித்துக் கை காட்டினாள். அடுத்த வருஷம் கிட்டத்தில் வந்த பிறகு. அதற்கப்புறம், "ஏட்டி, இங்கன நிக்கேன்" என்று குரல் கொடுத்தால்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பெங்களூர்ப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு நிம்மதிதான், அலுப்பும்தான். ஒருத்தியைத் தோளில் வைத்து நடப்பது லேசில்லை.

இந்தச் சாரலில் குளித்துவிட்டு வந்தவள், என் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு இசக்கியப்பன் அண்ணாச்சியின் கையைப் பிடித்து, "போவமா?" என்றாள். அவரும் கையை விடாமல் கூடவே நடந்தார். கார் நிற்கிற இடம் வரை சிரித்துப் பேசிக்கொண்டே போனாள். நான் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். கட்டின புருஷனைத் தெரியாத அளவுக்குக் குருடாக்கிவிட்டேனே.

ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நேற்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சோதித்துவிட்டு அவர் சொன்னார், அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரையே கிடையாது, பார்வை முழுசாக இருக்கிறது.