அண்ணன ஒரு வார்த்தை கேட்டுட்டு

— இன்னா ஊசின்னீங்க சிஸ்டர்? இன்னொரு வாட்டி சொல்லுங்க.

— ஸ்டீராய்டு. எத்தினி வாட்டி சொல்றது வேடியப்பன்? உங்க வூட்டம்மாவுக்கு ஏழு மாசத்துலயே வலி கண்டுடுச்சு. கொழந்தைக்கு மூச்சு நல்லா வரணும்னு அம்மாவுக்குப் போடுற ஊசி அது.

— ஸ்டீராய்டா? ஆலங்காயத்துல எங்க மச்சான் அஜய் ஜிம்முக்குப் போயி அதத்தான் போட்டுக்கினான். கையி பலாக்கா மாதிரி ஆச்சு. அப்பால மூஞ்சியெல்லாம் உப்பி, ஒரு மாசம் படுத்துக் கெடந்தான். என் கொழந்த பொறக்கும்போதே தோள்பட்டையோட வந்தா நா இன்னா பண்றது?

— அது சதைக்கு, இது நுரையீரலுக்கு. பேரு ஒண்ணு, மருந்து வேற.

— மலை மேல வேடியப்பன்னு இருவது பேரு இருக்கறாப்புலயா?

— ஆமா. அதுல சில பேரு சொன்னதும் புரிஞ்சிக்குவாங்க.

— காவியா, நீ இன்னாமே சொல்ற?

— வலிக்குது மாமா.

— அது தெரியுது. ஊசியப் பத்தி இன்னா சொல்ற?

— நீ சிஸ்டர்கிட்ட பேசு. நா படுத்துக்கினு கேக்கறேன்.

— பேசாம பைக்குல உக்கார வெச்சிக் கூட்டினு போயிடட்டுமா சிஸ்டர்? படவேடு எறங்கிட்டா அப்பால ரோடு நல்லாருக்கும்.

— படவேடு எறங்கறதுக்குள்ள கொழந்த எறங்கிடும். 108 கெளம்பிடுச்சு. வர்ற வரைக்கும் உக்காருங்க.

— சரி. அந்த ஊசி வலிய நிறுத்துமா?

— நிறுத்தாது.

— கொழந்தைய பெருசாக்குமா?

— ஆக்காது.

— பின்ன இன்னாதான் பண்ணும்?

— ஈரமான பாலிதீன் கவர் ஒட்டிக்கினா ஊதிப் பிரிக்க முடியுதா? ஏழு மாசக் கொழந்தையோட நுரையீரல் அப்படித்தான். ஒரு மூச்சு விட்டதும் ஒட்டிக்கும். அடுத்த மூச்சுக்கு மறுபடியும் பிரிக்கணும். பாவம், எத்தினி நேரந்தான் போராடும்? இந்த மருந்து அம்மா ரத்தத்து வழியா உள்ள போயி, ஒட்டாம இருக்க வழி பண்ணும். இப்படி முன்னாடியே பொறக்கற கொழந்தைக்கு மூளையில ரத்தம் கசியற பயமும் கொறையும். மருந்து ஏறுனப்புறம் ஒரு நாளு கொழந்த உள்ளயே தங்குனா ரொம்ப நல்லது.

— கண்டிப்பா பொழைச்சிக்குமா?

— பிரசவத்துல கண்டிப்பாங்கற வார்த்தைய நா சொல்றதில்ல. பொழைக்கற வாய்ப்பு கூடும்.

— ம். அண்ணன ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.

— இங்க டவர் கெடையாது.

— மேட்டு மேல ஏறுனா ஒரு கோடு வரும்.

— உங்க அண்ணன் டாக்டரா?

— புளி யாவாரம்.

— சரி.

— இன்னா சரி?

— ஒண்ணுமில்ல. சரி.

— மாமா, இரு. போவாத.

— ஒரே நிமிஷம்மே. ஓடிப் போயி ஓடி வந்துடறேன்.

— மொத கொழந்தைக்கும் இதத்தான் சொன்ன.

— அது வேறமே.

— அதே ஏழு மாசந்தான். அன்னிக்கி இருந்த சிஸ்டரு இதே ஊசியத்தான் சொன்னாங்க. நீ மேடு ஏறுன. ஒங்க அண்ணன் அவரு சிநேகிதன கேட்டாரு. சிநேகிதன் அவரு மாமனார கேட்டாரு. நீ எறங்கி வர்றப்ப பொறந்துடுச்சு.

— காவியா...

— நெஞ்சுக்குழி உள்ள உள்ள வாங்குச்சு. விரல் நொழையற அளவுக்கு. நீயும் பாத்த. மறுநா அதுவும் நின்னுடுச்சு. சாமைக் கொல்லை ஓரமா நீதான் குழி தோண்டுன.

— போதும்மே.

— சரி. போதும்.



— வேடியப்பன், தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம் சிஸ்டர். அண்ணன கேக்கல. யாரையும் கேக்கல. நா சொல்றேன், போடுங்க.

— நல்லது. வண்டி சத்தம் கேக்குது, எழுந்திரிங்க.

— ஊசி?

— அதெல்லாம் ஆச்சு. பையத் தூக்குங்க. மீதி ஊசிங்கள கீழ பெரியாஸ்பத்திரியில போடுவாங்க. காவியா, எடது பக்கமா ஒருக்களிச்சிப் படுத்துக்கம்மா. தைரியமா போ.

* * *

— பாத்தியாமே, ஆயிரத்து நானூறு கிராம். பொறந்ததும் கத்துச்சாம். மூக்குல சின்னக் குழாயோட சரி. பெரிய மிஷினெல்லாம் வேணாம்னுட்டாங்க.

— பாத்தேன் மாமா. கொஞ்ச நேரம் மாருல வெச்சிக்கச் சொன்னாங்க. தவிட்டுக் குருவி மாதிரி சூடா இருந்துச்சு.

— பக்கத்து வார்டு சந்திரன் கேட்டாரு, ஏழு மாசத்துக் கொழந்த எப்படிங்க இவ்ளோ நல்லா மூச்சு விடுதுன்னு.

— நீ இன்னா சொன்ன?

— சரியான நேரத்துல நா ஒரு வார்த்தை சொன்னேன், அதான்னேன்.

— ஓ.

— வாட்ச்மேன்கிட்டயும் சொன்னேன். டீக்கடையில சொன்னேன். அண்ணனுக்குப் போன் போட்டு, ஒன்ன கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்னு சொன்னேன். திட்டுனாரு. திட்டட்டும்.

— ம்.

— இன்னாமே சிரிக்கற?

— சிரிக்கல. தையல் இழுக்குது.

— இல்ல, சிரிச்ச.

— நீ போடுங்கன்னு சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மாமா. நெஜமா. அத எப்பவும் மறக்க மாட்டேன்.

— பின்ன சிரிப்பு எதுக்கு?

— நீ கொல்லையிலேந்து வர்றதுக்கு முன்னாடியே ஊசி போட்டாச்சு.

— முன்னாடியேவா? பின்ன அவ்ளோ நேரம் அந்த சிஸ்டரு என்கிட்ட கேட்டுக்கினு இருந்தது?

— அவங்க எங்க கேட்டாங்க? போடட்டுமான்னு ஒரு வாட்டியாவது கேட்டாங்களா, நெனச்சிப் பாரு. நீதான் கேட்டுக்கினே இருந்த. அவங்க பதில் சொன்னாங்க.

— அது எப்படிமே? நா இல்லாதப்ப, வூட்டு ஆளு ஒருத்தரும் இல்லாதப்ப, யார கேட்டு ஊசி போட்டாங்க?

— என்னத்தான் கேட்டாங்க மாமா. போடுங்கன்னேன்.